வெள்ளியங்கிரி ஏறுகிறவருக்கு எதற்கு ஓய்வு நாள்?

கேள்வி: டாக்டர், எனக்கு 54 வயது. ஊர் கோவை. பதினாறு வருடமாக ஒரு வருடம்கூட விடாமல் வெள்ளியங்கிரி ஏறுகிறேன். ராத்திரி பூண்டியில் கிளம்பினால் விடியும்போது ஏழாவது மலையில் இருப்பேன். வருகிற அக்டோபரில் நானும் என் அக்கா மகனும் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகலாம் என்றிருக்கிறோம். அவனுக்கு 27 வயது, தினமும் ஜிம்முக்குப் போகிறவன். இரண்டு இடத்தில் விசாரித்தோம். ஒருவர், நடை தொடங்குகிற லுக்லாவில் கிளம்பித் திரும்ப லுக்லா வந்து சேர 9 நாள் என்கிறார். இன்னொருவர் 11 நாள் என்கிறார், பணமும் கூடுதல். இரண்டு ஓய்வு நாள்தான் வித்தியாசம். "வெள்ளியங்கிரியை ஒரே ராத்திரியில் ஏறுற ஆளுக்கு ரெஸ்ட் டே எதுக்கு மாமா?" என்கிறான் பையன். எனக்கு ஆறு வருடமாக பி.பி. இருக்கிறது. அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறேன், கட்டுக்குள் இருக்கிறது. டயமாக்ஸ் மாத்திரை போட்டால் உயரம் ஒன்றும் செய்யாது என்கிறார்களே, உண்மையா? டாக்டர் சொன்னால்தான் அனுப்புவேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். கடைசியாக ஒரு சின்ன சந்தேகம்: என் வெள்ளியங்கிரி மூங்கில் தடியைக் கொண்டு போகலாமா?

பதில்: முதலில் உங்கள் வீட்டம்மாவுக்குச் சொல்லிவிடுகிறேன். அனுப்பலாம். ஆனால் 11 நாள் என்றால்தான். 9 நாள்தான் கிடைக்கும் என்றால் இந்த வருடம் வேண்டாம், லீவு சேர்த்துக்கொண்டு அடுத்த வருடம் போங்கள். தடியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளியங்கிரியைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நானும் ஏறியிருக்கிறேன், மறுநாள் மாடிப்படி இறங்கச் சுவரைப் பிடித்திருக்கிறேன். ஆனால் அது கால்களுக்கும் மனசுக்கும் வைக்கிற பரீட்சை. ஏழாவது மலையே கிட்டத்தட்ட 6,000 அடிதான், மீட்டரில் 1,800-க்குள். தென்னிந்தியாவில் எல்லாவற்றிலும் உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். நீங்கள் விமானத்தை விட்டு இறங்கப்போகும் லுக்லா சுமார் 2,850 மீட்டர். இன்னும் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை, அதற்குள் தென்னிந்தியாவின் எல்லா மலைகளுக்கும் மேலே நிற்கிறீர்கள். பேஸ் கேம்ப் இருப்பதோ 5,364 மீட்டர் உயரத்தில். பதினாறு வருட அனுபவத்தில் உங்கள் உடம்பு ஒரு தடவைகூட பார்த்திராத இடம் அது.

மேலே போனால் ஆக்சிஜன் குறையும் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் காற்றில் அதன் பங்கு காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலும் 21 சதவீதம், எவரெஸ்ட் உச்சியிலும் 21 சதவீதம். குறைவது காற்றின் அழுத்தம். பேஸ் கேம்ப்பில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஒரு மூச்சில் உள்ளே போகிற ஆக்சிஜனும் அதே கணக்கில் பாதி.

இதைக் கண்டதும் உடம்பு முதலில் செய்வது வேகவேகமாக மூச்சு விடுவது. அப்படி விட்டால் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியே போய்விடும், ரத்தம் காரத் தன்மைக்குச் சாயும். மூளைக்கு அது ஆகாது. "போதும், மெதுவாக விடு" என்று பிரேக் போடும். ராத்திரி தூங்கும்போது இந்த இழுபறி நன்றாகத் தெரியும். பக்கத்துப் படுக்கைக்காரர் நாலு மூச்சு வேகமாக விடுவார், பிறகு பத்து வினாடி ஓசையே இருக்காது, ஐயோ என்று நீங்கள் எழுந்து உட்காரும்போது அவர் 'ஹப்' என்று மறுபடி ஆரம்பிப்பார். இது நோய் இல்லை, பயப்படாதீர்கள். அவரும் உங்களை அப்படியே பார்த்துப் பயந்திருப்பார்.

அந்தப் பிரேக் விலக வேண்டுமானால், கூடிப்போன காரத்தைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். அது ஒரு ராத்திரியில் முடிகிற வேலை இல்லை, நாள் கணக்காகும். ஓய்வு நாள் என்று பெயர் வைத்ததுதான் தப்பு. கால் வலிக்கு ஓய்வு என்று பையன் புரிந்துகொண்டிருக்கிறான். அது சிறுநீரகத்துக்கு நாம் கொடுக்கும் தவணை. எந்த ஜிம்மிலும் சிறுநீரகத்துக்கு மெஷின் கிடையாது.

இனி கணக்கைப் பாருங்கள். முதல் ராத்திரி பாக்டிங்கில் தூங்குவீர்கள், 2,610 மீட்டர். அடுத்து நாம்ச்சே பஜார் 3,440, தெங்போச்சே 3,860, திங்போச்சே 4,410, லோபுச்சே 4,940, கடைசியாக கோரக் ஷெப் 5,160. மொத்தம் 2,550 மீட்டர் ஏற்றம். 9 நாள் திட்டத்தில் இதை ஐந்தே ராத்திரியில் ஏறுகிறீர்கள், ராத்திரிக்கு 510 மீட்டர். 11 நாளில் நாம்ச்சேயிலும் திங்போச்சேயிலும் இரண்டிரண்டு ராத்திரி தங்குவதால் அதே ஏற்றம் ஏழு ராத்திரிக்குப் பரவுகிறது, ராத்திரிக்கு 364. மலை மருத்துவத்தில் நாங்கள் பார்ப்பது தூங்கும் உயரத்தைத்தான். 3,000 மீட்டருக்கு மேலே ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை அதே இடத்தில் இன்னொரு ராத்திரி தங்கு, இதுதான் விதி. பாக்டிங்கிலிருந்து நாம்ச்சே ஒரே நாளில் 830 மீட்டர். பெரும்பாலும் எல்லோரும் அங்கே விதியை மீறித்தான் ஏறுகிறோம். அந்தக் கடனை நாம்ச்சேயில் இரண்டாவது ராத்திரி தங்கி அடைக்க வேண்டும். 9 நாள் காரர் அடைக்காமலே மேலே கூட்டிப் போகிறார்.

அந்த இரண்டு நாளும் அறையில் போர்வைக்குள் கிடக்கச் சொல்லவில்லை. நாம்ச்சேயில் காலையில் எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரைக்கும், அதாவது 3,880 மீட்டருக்கு, ஏறிப்போய் ஒரு டீ குடித்துவிட்டு மதியம் இறங்கி வரலாம். பகலில் உயரே போய் வருவது நல்லது, ராத்திரி தாழ்வான இடத்தில் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா மகனுக்கு இந்தப் பத்தியைக் காட்டுங்கள். வழியில் பெரிச்சே என்ற ஊரில், சுமார் 4,370 மீட்டர் உயரத்தில், 278 நடைபயணிகளை ஆராய்ந்து 1976-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. இந்தத் துறையில் எல்லோரும் படித்த கட்டுரை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, 53 சதவீதம் பேருக்கு, உயர நோய், அதாவது உடம்பு பழகும் முன்னே உயரே போவதால் வருகிற நோய், இருந்தது. யாருக்கு அதிகம் என்று பார்த்தால் வயதில் இளையவர்களுக்கு, விமானத்தில் வந்து இறங்கியவர்களுக்கு, வேகமாக ஏறியவர்களுக்கு, வழியில் குறைந்த ராத்திரி தங்கியவர்களுக்கு. முதுகில் எவ்வளவு சுமை இருந்தது என்பதற்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் இருவரில் எனக்குக் கவலை பையனைப் பற்றித்தான். மாமா மூச்சு வாங்கி நின்றுவிடுவார், அவன் நிற்க மாட்டான்.

நானே நின்றதில்லை. இருபது வருடம் முன்னால், எனக்கு 31 வயது. திங்போச்சேயில் ஓய்வு நாளை விட்டுவிட்டோம், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று. லோபுச்சே போய்ச் சேர்ந்த மதியமே தலைவலி. தண்ணீர் குறைவாகக் குடித்திருப்பேன் என்று நண்பர்களிடம் சொன்னேன். சாயங்காலம் சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டியது, யாக் சாண அடுப்புப் புகைதான் காரணம் என்றேன். ராத்திரி கழிப்பறைக்குப் போக எழுந்தபோது ஷூ நாடாவைக் கட்டத் தெரியவில்லை. குளிரில் விரல் மரத்ததால் என்றில்லை, எந்த நுனியை எதன்மேல் போடுவது என்பதே பிடிபடவில்லை. கட்டாமலே நடந்து சுவரில் தோள் இடித்துக்கொண்டேன். எங்கள் ஷெர்பா கைடு அதைப் பார்த்துவிட்டார். டார்ச் வெளிச்சத்தைத் தரையில் கோடு மாதிரி அடித்து, "டாக்டர் சாப், இந்தக் கோட்டில் குதிகால் விரலைத் தொடுகிற மாதிரி நடந்து காட்டுங்கள்" என்றார் ஹிந்தியில். மாணவர்களுக்கு நான் வகுப்பெடுத்த பரிசோதனை அது. மூன்றாவது அடியில் சாய்ந்தேன். விடியட்டும் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, என் பையைக் கட்ட ஆரம்பித்தார்.

அந்த இருட்டில் பெரிச்சே வரை இறக்கிக் கூட்டி வந்தார், 570 மீட்டர் இறக்கம். பெரிச்சேக்குக் கொஞ்சம் முன்பே தலையைச் சுற்றிக் கட்டிய கயிற்றை யாரோ அவிழ்த்தது போல இருந்தது. மறுநாள் மதியம் நானே நாடா கட்டினேன். தலைவலியைப் பற்றி நாள் முழுக்க நான் கண்டுபிடித்த காரணங்களைப் பாருங்கள்: தண்ணீர், புகை. ஒரு டாக்டருக்கே இத்தனை சாக்கு கிடைக்கிறது. அதனால் அந்த மலையில் உடம்புக்கு எது வந்தாலும், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அது உயர நோய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைவலியோடு கூட வாந்தி உணர்வு, அசதி, தலைசுற்றல் எது சேர்ந்தாலும் அன்று மேலே ஏறக் கூடாது. அங்கேயே இருக்கலாம். பாரசிட்டமால் போடலாம், தப்பில்லை, ஆனால் போட்டுவிட்டு ஏறக் கூடாது. இருந்தும் கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும், பகலோ ராத்திரியோ.

குடித்தவன் போலத் தள்ளாடினால், பேச்சு குழறினால், அது மூளை வீக்கம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால், இருமல் விடாமல் வந்தால், மற்றவர்கள் பத்து நிமிடத்தில் நடப்பதற்கு ஒருவருக்கு அரை மணி நேரம் ஆனால், நுரையீரலில் நீர் கோக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இதற்குத் தலைவலி முன்னால் வர வேண்டும் என்று அவசியமில்லை. இரண்டுமே ஒரு நாளில் ஆளைக் கொண்டுபோகக் கூடியவை. அந்த ஆளைத் தனியாக இறக்கி அனுப்பாதீர்கள், படுத்துத் தூங்கவும் விடாதீர்கள். உங்கள் இருவருக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: இறங்கு என்று ஒருவர் சொன்னால் மற்றவர் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது. மாமா சொன்னாலும் சரி, மருமகன் சொன்னாலும் சரி.

பெரிச்சேயில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் சின்ன மருத்துவ நிலையம் இருக்கிறது. 1973-ல் தொடங்கிய அமைப்பு அது. சீசனில் மதியத்துக்கு மேல் அங்கே மருத்துவர்கள் உயர நோய் பற்றிப் பேசுவார்கள். திங்போச்சேயில் ஓய்வு நாள் இருப்பதால் ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வரலாம். பையனையும் இழுத்துப் போங்கள்.

டயமாக்ஸ் விஷயம். உயரம் ஒன்றும் செய்யாது என்பது பொய். நோயை மறைத்துவிடும் என்று சிலர் சொல்வதும் பொய். சிறுநீரகம் நாள் கணக்காகச் செய்யும் அதே வேலையை அது முடுக்கிவிடுகிறது. நீங்கள் போகிற பாதைக்கு, அதுவும் முதல் தடவை என்பதால், போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் என் கருத்து. கடையில் 250 மி.கி. கிடைக்கும். பாதி மாத்திரை காலை, பாதி சாயங்காலம், ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. உச்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடலாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் உங்கள் டாக்டரிடம் பேசாமல் தொடவே வேண்டாம். ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். விரல் நுனியும் உதடும் குறுகுறுக்கும், அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். இவை தெரிந்தே வருகிற விளைவுகள். இதைப் போட்டதால் 9 நாளில் போய்விடலாமே என்று மட்டும் கேட்காதீர்கள்.

பி.பி. கட்டுக்குள் இருப்பதால் அது ஒரு தடை இல்லை. முதல் வாரம் மேலே அளவு கொஞ்சம் கூடித்தான் காட்டும். அதைப் பார்த்து நீங்களாக மாத்திரையை இரண்டாக்காதீர்கள். அம்லோடிபினை வழக்கம் போலத் தொடருங்கள், ஒரு வார மாத்திரை கைப்பையில் தனியாக இருக்கட்டும், பெட்டி ஒரு நாள் பிந்தி வருவது அங்கே சகஜம். 54 வயது என்பதால் போகும் முன் ஈ.சி.ஜி.யும் டிரெட்மில் டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள். நெஞ்சு வலி வந்திருக்கிறது, வீட்டில் சிறு வயதில் மாரடைப்பு வந்தவர்கள் உண்டு என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், பதில் மாறலாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை வாங்கிவிட்டு ராத்திரி முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 5,000 மீட்டரில் நன்றாக இருக்கிற ஆளுக்கே 80-ஐ ஒட்டித்தான் காட்டும். கோவையில் அந்த எண் வந்தால் ஐ.சி.யூ.வில் போடுவோம்.

பயிற்சியைப் பொறுத்தவரை உங்களிடம் பாதி இருக்கிறது. இல்லாதது, தொடர்ந்து நடப்பது. வெள்ளியங்கிரிக்குப் பிறகு ஒரு வாரம் காலை நீட்டிவிடலாம். இங்கே ஐந்தாறு மணி நேரம் நடந்துவிட்டு மறுநாள் காலை மறுபடி ஷூ மாட்ட வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஐந்து கிலோ பையோடு மருதமலை ஏறி இறங்குங்கள், இறங்கும்போது முட்டியைக் கவனியுங்கள். அங்கே போனதும் வெள்ளியங்கிரி வேகத்தை மறந்துவிட வேண்டும். நேபாளத்தில் "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள், மெதுவாக என்று அர்த்தம். பேச்சு அறுபடாமல் நடக்க முடிந்தால் வேகம் சரி. யாக் கூட்டம் எதிரே வந்தால் மலைப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் நின்றால் அதன் மூட்டை இடித்தே தள்ளிவிடும்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. தால் பாத், அதாவது சோறு, பருப்பு, ஒரு காய், கேட்கக் கேட்க மறுபடி போடுவார்கள். 5,000 மீட்டரில் தண்ணீர் 83, 84 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் சோறு வேகாது. அந்த விசில் சத்தம் கேட்டு எனக்கு வீட்டு ஞாபகம் வந்திருக்கிறது. நாம்ச்சேக்கு மேலே இறைச்சி வேண்டாம். அங்கே அறுப்பதில்லை, கீழிருந்து முதுகில் நாள் கணக்காக வருவது. பருப்புப் பொடி ஒரு டப்பா எடுத்துப் போங்கள், உயரம் கூடக் கூட நாக்கு செத்துவிடும். பூண்டு சூப் குடித்தால் உயர நோய் வராது என்று எல்லா விடுதியிலும் சொல்வார்கள். சூடாக இருக்கும், குடியுங்கள், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரையோ பெக்கோ போடவே கூடாது, மூச்சை அவை இன்னும் மந்தமாக்கும்.

காப்பீடு எடுக்கும்போது இரண்டு கேள்வி கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை மீட்டர் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் இந்த உயரத்து மலையேற்றம் சேராது. இதிலே இன்னொரு பக்கமும் உண்டு. லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டரை வரவழைத்துக் காப்பீட்டுப் பணத்தில் பங்கு பிரித்துக்கொள்கிற கூட்டம் இருப்பதாக 2018-ல் நேபாள அரசே விசாரணை நடத்தியது. நடந்து இறங்க முடிகிறவருக்கு நடந்து இறங்குவதே வைத்தியம். நடக்க முடியாதவருக்குத்தான் ஹெலிகாப்டர், அப்போது செலவைப் பார்க்கக் கூடாது. கைடைத் தேர்ந்தெடுக்கும்போது போர்ட்டருக்கும் காப்பீடு உண்டா, கதகதப்பான உடை கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். கீழ் ஊர்களிலிருந்து சுமை தூக்க வருகிறவர்களுக்கும் உயர நோய் வரும், அவர்கள் கூலி போய்விடுமே என்று வெளியே சொல்ல மாட்டார்கள்.

அக்டோபர் சீசனில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை. நாலைந்து மணி நேரம் காரில் ராமேசாப் போய் அங்கே ஏற வேண்டும், நடு ராத்திரியில் புறப்பாடு. மேகம் வந்தால் விமானம் ரத்து, ஒரு நாள் இல்லை, இரண்டு மூன்று நாள்கூட ஆகும். ஊர் திரும்பும் டிக்கெட்டை லுக்லா நாளிலிருந்து மூன்று நாள் தள்ளிப் போடுங்கள். இந்த நாட்களையும் கணக்கில் சேர்த்து லீவு கேளுங்கள். இல்லாவிட்டால் லீவு தீர்கிறதே என்று மலையில் ஓய்வு நாளைத்தான் முதலில் வெட்டுவீர்கள்.

இனி தடி. ஒரே தடி போதாது, இறக்கத்தில் இரண்டு கையிலும் ஊன்ற வேண்டும். லுக்லா விமானத்தில் கைப்பை சேர்த்து 15 கிலோதான் அனுமதி, ஆளுயர மூங்கிலை அந்தச் சின்ன விமானத்தில் எங்கே வைப்பார்கள் என்று எனக்குப் புரியவில்லை. காத்மாண்டு தமேல் கடைத்தெருவில் மடக்குத் தடி ஜோடியாக வாடகைக்குக் கிடைக்கும், நுனியில் ரப்பர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூங்கில் தடி வீட்டிலேயே இருக்கட்டும். மாசிக்கு வேண்டுமே.